யார் யாருக்கு அரிசி இல்லை: 2017 அரசிதழுக்கு ஓர் உரை

தமிழ்நாடு உணவுப் பாதுகாப்பு விதிகள் 2017 ஜூலையில் அரசிதழில் வந்தன. எந்தெந்தக் குடும்பம் சட்டப்படி ரேஷன் அரிசி பெறும் முன்னுரிமைக் குடும்பம் ஆகாது என்று அதில் ஒரு பகுதி இருக்கிறது. ராஜபாளையம், சோழபுரம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து வீடுகளை மனத்தில் வைத்துக்கொண்டு அதைப் படிக்கலாம்.

காரோ ஏ.சி.யோ உள்ள வீடு. இதில் வழக்கில்லை. மற்றவற்றையும் நியாயமாகத் தோன்றவைக்கத்தான் இவை பட்டியலில் இருக்கின்றனவோ என்றொரு சந்தேகம் எனக்கு.

தொழில்வரி கட்டுவோர் உள்ள குடும்பம். பணக்காரர் வரி போலக் காதில் விழுகிறது. தமிழ்நாட்டில் அரையாண்டு வருமானம் 21,000 ரூபாயைத் தாண்டினாலே தொழில்வரி உண்டு; அதாவது மாதம் 3,500. நூற்பாலைத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்தம் செய்கிற அந்தச் சில நூறு ரூபாயே அவரை வசதியானவர் ஆக்கிவிடுகிறது.

மூன்று அறையோ அதற்கு மேலோ உள்ள கான்கிரீட் வீடு. மூன்று அறையே இருந்தாலும் கதவு சாத்தியாகிவிட்டது. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்து, கடன் வாங்கிக் கட்டிய வீடும் இதில் அகப்படும். விதி அறையை எண்ணுகிறது, கடனை எண்ணுவதில்லை.

எல்லா வழியிலும் சேர்த்து ஆண்டு வருமானம் ஒரு லட்சத்துக்கு மேல். பகுதியின் உயிர்நாடி இதுதான். மாதத்துக்கு 8,333 ரூபாய். கணவர் மில்லுக்கும் மனைவி கூலிக்கும் போனால் எளிதில் தாண்டிவிடும். அந்தப் பணத்தில் சாப்பிடுவது இரண்டு பேரா, ஆறு பேரா என்ற கேள்வியே இல்லை. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஆளுக்கு 5 கிலோ என்று கொடுக்கிறது. விலக்கும்போது மட்டும் குடும்பத்தை ஒரே மூட்டையாகக் கட்டுகிறது.

அன்றைய உணவு அமைச்சர் ஆர். காமராஜ் அப்போதே, அனைவருக்கும் பொது விநியோகம் தொடரும் என்றார். தொடரவும் செய்தது, 2011 ஜூன் முதல் வருகிற விலையில்லா அரிசி நிற்கவில்லை. பிறகென்ன பயம்?

மாநிலம் 2016 நவம்பரில் அந்தத் தேசியச் சட்டத்துக்குள் போனதே ஒரு நெருக்கடியில்தான். போகாவிட்டால் கிலோ 8.30 ரூபாய்க்குக் கிடைத்த ஏ.பி.எல். (வறுமைக் கோட்டுக்கு மேலுள்ளோர்) அரிசி 22.54 ரூபாயாகும் என்றது மத்திய அரசு. மத்திய அரசின் கணக்குக்குள் வராத அட்டைகளின் சுமையை மாநிலக் கருவூலம் தாங்குகிறது. கருவூலம் இளைக்கும் நாளில் யாரை முதலில் கழிப்பது என்று தேட வேண்டாம், பட்டியல் தயார். சர்க்கரையில் ஒத்திகையும் பார்த்தாயிற்று: பரம ஏழைகளுக்கான அந்தியோதயா அட்டைக்குக் கிலோ 13.50 ரூபாய் அப்படியே நிற்க, மற்றவர்களுக்கு 2017 நவம்பரில் 25 ஆனது.

மத்தியச் சட்டம் தருவதைவிடக் கூடுதலாகக் கொடுக்க மாநிலத்துக்குத் தடையில்லை. அந்தச் சட்டத்தின் 32ஆம் பிரிவே அனுமதிக்கிறது. அமைச்சர் வாயால் சொன்னதை அரசு விதியில் எழுதட்டும்: எல்லா அட்டைக்கும் அரிசி உண்டு என்று. ஒரு லட்ச வரம்பையும் தொழில்வரியையும் அந்தப் பட்டியலிலிருந்து அடிக்கட்டும்.