கடலோர மாளிகையும் கத்தரிக்கோலும்

பினாங்குத் தீவின் தலைநகர் ஜார்ஜ் டவுன். அதன் வடகரையில், கடலையொட்டி நீண்டு செல்லும் சாலைக்கு வெள்ளையர் ஆட்சியில் நார்தாம் சாலை என்று பெயர். இன்று அது சுல்தான் அகமது ஷா சாலை. மக்கள் சூட்டிய பெயரோ கோடீசுவரர் வரிசை! முதலில் வெள்ளையர் அங்கே கடற்காற்று வாங்கப் பங்களாக்கள் கட்டினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வெள்ளீயமும் ரப்பரும் பொன்னாக மாறியபோது, சீன வணிகக் குடும்பங்கள் அங்கே குடியேறின. தூணும் மாடமும் கொண்ட மாளிகைகள் எழுந்தன.

அவற்றுள் ஒன்று ஹோம்ஸ்டெட். லிம் மா சாய் என்ற செல்வருக்காக 1919-இல் கட்டப்பட்டது. பின்னர் அதை வாங்கியவர் யேப் சோர் ஈ. யார் இவர்? மன்னர் மரபினரா? வழிவழிச் செல்வரா? அல்ல, அல்ல! 1885-ஆம் ஆண்டு சீனத்திலிருந்து வெறுங்கையோடு கப்பலேறி வந்த இளைஞர். முடிதிருத்திப் பிழைத்தவர். பள்ளிப் படிப்பு அறியாதவர். சிறுகச் சேர்த்துக் கடை வைத்தார். சர்க்கரை வணிகத்தில் உயர்ந்தார். 1918-இல் பான் ஹின் லீ வங்கியைத் தொடங்கினார். கத்தரிக்கோல் பிடித்த கை, வங்கியின் கருவூலத்தைத் திறந்தது!

முடிதிருத்துபவர் மகன் கத்தியைத்தான் பிடிக்கவேண்டும் என்று நம் ஊர்களில் எத்தனை தலைமுறை விதித்தோம்! தலைவிதி என்றோம்; குலத்தொழில் என்றோம். கடல் கடந்த அந்த இளைஞரின் வாழ்வு அந்த வாதத்தைத் தவிடுபொடியாக்குகிறது. தாழ்வு பிறப்பில் இல்லை. வாய்ப்பை மறுக்கும் அமைப்பில் இருக்கிறது.

ஆயினும், ஒருவர் உயர்ந்த கதையில் மயங்கி, உயராத ஆயிரவரை மறந்துவிடலாமா? அந்த வரிசைக்கு வளம் தந்த ரப்பர்க் காடுகளில் பால் வடித்தவர் யார்? நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய நம்மவரும் அல்லவா? ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் ஒழிந்தது. கங்காணி முறையோ அதன் பின்னும் ஆள் பிடித்தது. தொழிலாளர் உதவி பெற்று மலாயா செல்வதை இந்திய அரசு 1938-இல்தான் தடுத்தது. அபினி விற்கும் உரிமையை வணிகர் கூட்டங்களுக்குக் குத்தகை விட்டு வருவாய் தேடினர் வெள்ளையர். 1910-இல்தான் அரசே அதைக் கையில் எடுத்தது. பகலெல்லாம் உழைத்துப் பெற்ற கூலி, இரவில் அபினிப் புகையாகிக் குத்தகைக்காரர் பெட்டிக்குத் திரும்பிய கொடுமையை என்னென்பது! மாளிகைகளின் முகப்பில் செல்வர் பெயர் உண்டு. உழைத்தவர் பெயர் எந்தக் கல்லில் உண்டு?

யேப் சோர் ஈ 1952-இல் மறைந்தார். அந்த வரிசையில் பல மாளிகைகள் இடிந்து, அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. ஹோம்ஸ்டெட் புதுவாழ்வு பெற்றது. குடும்பத்தார் அதைக் கல்விக்கு அளித்தனர். 2006-இல் தோன்றிய வவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இன்று அங்கே இயங்குகிறது. பணி செய்துகொண்டே பயில விரும்புவோருக்கான கல்விக்கூடம் அது. பள்ளி காணாதவர் வாழ்ந்த வீடு, பள்ளியை இழந்தோர்க்குப் பாடம் சொல்கிறது!

தோழர்களே! பழைய மாளிகைகளைக் காப்பது நன்று. அழகுக்காக மட்டுமன்று, யார் பணம், யார் வியர்வை என்று கேட்பதற்காகவும் காப்போம். அந்தக் கேள்வியை வகுப்பறையில் மாணவர் எழுப்பும் நாளில்தான், வரலாறு செல்வர்தம் புகழ்மாலையாக இருப்பது நீங்கி, மக்களின் வரலாறாகும்.