மாதவிலக்கா, கருவின் முன்னறிவிப்பா?

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்திலுள்ள போடிநாயக்கனூர், ஏலக்காய் வணிகத்தால் பெயர் பெற்ற ஊர். போடிமெட்டு மலைச்சாலை வழியே கேரள ஏலத்தோட்டங்களுக்கு நாள்தோறும் வேலைக்குச் செல்வோரில் பெண்களே மிகுதி. விலக்கு நாளையொட்டிச் சிறிதளவு இரத்தக்கறை தென்பட்டால், அதை விலக்கென்றே கொண்டு வழமைபோல் மலையேறிவிடுதல் இயல்பு. அது கருவுற்றதன் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம் என்னும் எண்ணம் எளிதில் எழுவதில்லை. ஆயினும் கருவுற்றவளிடம் தோன்றும் இரத்தம் எத்தகையது என்னும் வினாவை நம் ஃபிக்ஹு அறிஞர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்துள்ளனர்.

ஃபாத்திமா பின்து அபீஹுபைஷ் (ரலி) அவர்கள் தமக்கு உதிரப்போக்கு நிற்பதில்லை என்றும், தொழுகையை விட்டுவிடலாமா என்றும் நபி (ஸல்) அவர்களிடம் வினவினார்கள். அது ஓர் இரத்த நாளத்திலிருந்து வருவது, மாதவிலக்கன்று என்பதே விடையின் சாரம். வெளிப்படும் இரத்தமெல்லாம் ஹைளு அன்று என்னும் பாகுபாடு இதில் வேர்கொண்டது. நிறம், தன்மை, நாள்கணக்கு ஆகியவற்றை உற்றுநோக்கும் முறையை இமாம்கள் பின்னர் வகுத்தனர்.

போடி, உத்தமபாளையம் வட்டார இராவுத்தர்கள் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில் ஹைளின் குறைந்த அளவு 3 நாள். கீழக்கரை, காயல்பட்டினம் மக்கள் சார்ந்த ஷாஃபிஈ மத்ஹபில் ஒரு பகலும் ஓர் இரவும். கருவுற்றவளுக்கு ஹைளு வராது, வருவது இஸ்திஹாளாவே என்பது ஹனஃபிகளின் முடிவு. வரக்கூடும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்து. இது வெறும் நூற்பூசல் அன்று. தொழுகையும் நோன்பும் மட்டுமின்றி, மணவிலக்குப் பெற்றவளின் இத்தாவும் இதனைச் சார்ந்துள்ளது. கருவுற்றவளின் இத்தா மகப்பேறு வரை நீளும். சிறு கறையை ஹைளாக எண்ணிவிட்டால் குழந்தையின் வமிசமே ஐயத்துக்குள்ளாகலாம்.

கரு உண்டா என்பதைத் தொடக்கத்திலேயே அறியும் கருவி அக்கால அறிஞர்களிடம் இல்லை. மதுரை–போடி இருப்புப்பாதை திறக்கப்பட்ட 1928ஆம் ஆண்டில்தான், பெர்லினில் அஷ்ஹைமும் சோன்டெக்கும் சிறுநீரைச் சுண்டெலிகளுக்குச் செலுத்திக் கருவை அறியும் முறையை வெளியிட்டனர். அன்று பல நாள் காத்திருந்து அறிந்ததை, இன்று மருந்துக்கடையில் கிடைக்கும் சோதனை அட்டை சில நிமிடங்களில் காட்டுகின்றது.

கருவுற்ற 6 முதல் 12 நாட்களுக்குள் கரு கருப்பைச் சுவரில் பதிகின்றது. அக்காலத்தையொட்டிச் சிலருக்கு இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ கறை ஓரிரு நாள் தோன்றும். கறை மட்டுமே சான்றாகாது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆகவே வழக்கத்தினும் குறைந்து விரைவில் நின்ற கறையைக் கண்டவர், விலக்குக்குரிய நாள் கடந்ததும் சோதித்தறிதல் வேண்டும். கரு இல்லையெனக் காட்டினும் விலக்கு வாராவிடில் ஒரு வாரத்தில் மீண்டும் சோதித்தல் நன்று. கடும் வயிற்றுவலி, மயக்கம், மிகுந்த போக்கு ஆகியன கரு கருக்குழாயில் தங்கியதைக் குறிக்கலாம். அப்போது தாமதியாது மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வணக்கத்தின் பொருட்டு நாட்களை எண்ணிவைக்கும் ஒழுங்கை நம் பெண்கள் தலைமுறைகளாகக் கற்று வந்துள்ளனர். அதே ஒழுங்கு தாயையும் சேயையும் காக்க வல்லது. பெண்கள் மதரஸாக்களில் ஹைளின் பாடத்தோடு இச்செய்தியையும் சேர்த்துச் சொல்லுதல் நம் கடமையாகும்.