கொக்கி ஊசியும் கூலிக் கணக்கும்



மலருக்கு வரலாறு எழுதித் தாங்கன்னு கேட்டாங்க. கறவை மாடு, ஊறுகாய், சுழல் நிதி பற்றியெல்லாம் மற்ற குழுக்காரங்க எழுதுறாங்க. நான் குரோஷா ஊசியைப் பற்றி எழுதுறேன். காரணம் உண்டு. இந்த வருஷம் நம்ம பகுதியில் 11 பேர் குரோஷா கற்றுக்கொண்டோம். இப்போது ஒரு ஏஜெண்டு, "நூல் நான் தர்றேன், சிறுபிள்ளைப் பாவாடை பின்னிக் கொடுங்க, ஒன்றுக்கு 60 ரூபாய்" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். வாங்கலாமா வேண்டாமா என்று அடுத்த கூட்டத்தில் தீர்மானம் போட வேண்டும். அதற்கு முன்னால், இந்த ஊசியை நமக்கு முன் பிடித்த பெண்களுக்கு என்ன நடந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். கற்றுக்கொள்ளாத சகோதரிகளும் இதை வாசிப்பாங்க இல்லையா. குரோஷாவுக்கு ஒரே ஒரு ஊசி போதும், நுனியில் கொக்கி இருக்கும். ஸ்வெட்டர் பின்னுகிறவங்க இரண்டு ஊசியில் வரிசை முழுவதையும் மாட்டி வைத்திருப்பாங்க. இதில் கொக்கியில் பெரும்பாலும் ஒரு கண்ணிதான் நிற்கும். அதனால் சோறு பொங்கினால் அப்படியே வைத்துவிட்டுப் போகலாம், பிறகு வந்து விட்ட இடத்தில் தொடங்கலாம். தப்பினால் நூலை இழுத்தால் பிரிந்துவிடும், நூல் வீணாகாது. புதிதாகக் கற்பவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

நான் முதலில் முடித்த உடுப்பு என் 5 வயதுப் பேத்திக்கு ஒரு பாவாடை. நாலிழைக் காட்டன் நூல், 4 மில்லிமீட்டர் ஊசி. 96 சங்கிலிக் கண்ணி போட்டு, முறுக்கிக்கொள்ளாமல் பார்த்து, வட்டமாகச் சேர்க்க வேண்டும். சுற்றளவு 24 இஞ்சு வரும். இடுப்புக்கு இது தாராளம்தான், ஆனால் இடைக்குக் கீழே அகலமான இடத்தையும் தாண்டி ஏற வேண்டுமே. முதல் சுற்று, கண்ணிக்கு ஒன்றாக நெட்டைக் கண்ணி. அதாவது ஊசியில் நூலை ஒருமுறை சுற்றிக்கொண்டு எடுக்கும் உயரமான கண்ணி. இரண்டாவது சுற்றில் ஒன்று விட்டு ஒன்று பின்னினால் ஓட்டை ஓட்டையாக வரும், அதில் நாடா கோத்து இடுப்பைச் சுருக்கிக் கட்டலாம். மூன்றாவது சுற்றிலிருந்து மூன்று சுற்றுக்கு ஒருமுறை 8 கண்ணி கூட்ட வேண்டும். கூட்டுவது என்றால் ஒரே கண்ணியில் இரண்டு தடவை பின்னுவதுதான். அந்த எட்டையும் சுற்று முழுவதும் சம இடைவெளியில் வைத்தால் பாவாடை குடை மாதிரி விரியும். 24 சுற்றில் 12 இஞ்சு நீளம், கடைசிச் சுற்றில் 160 கண்ணி. இவ்வளவுதான் பாவாடை.

இந்த ஊசியின் பிறப்பை ஒரே ஊரில் கொண்டுபோய் நிறுத்த முடியாது. குரோஷா என்ற பெயர் பிரெஞ்சுக்காரர்களுடையது, சின்னக் கொக்கி என்று பொருள். ஏழைப் பெண்களின் பிழைப்பாக அது ஊரறிந்தது அயர்லாந்தில். 1845-இல் அங்கே உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. அதையே உணவாகக் கொண்டிருந்த ஏழைகள் லட்சக்கணக்கில் செத்தார்கள், லட்சக்கணக்கானோர் கப்பலேறினார்கள். அந்தப் பஞ்ச காலத்தில் கன்னியாஸ்திரிகளும் வசதியான வீட்டுப் பெண்களும் குரோஷா லேஸ் கற்றுக்கொடுத்தார்கள். ஊசியும் நூலும் மலிவு, குடிசைக்குள் உட்கார்ந்தே செய்யலாம். அப்படிப் பின்னிய லேஸ் லண்டன் சீமாட்டிகளின் கழுத்துக்குப் போனது. பல குடும்பங்களுக்கு அந்தக் காசுதான் கஞ்சி ஊற்றியது. ஆனால் எந்த லேஸ் ஓடும், என்ன விலை போகும் என்று தீர்மானித்தவர்கள் பின்னிய பெண்கள் அல்ல. உடுப்பு மோகம் மாறியதும் அந்தத் தொழில் படுத்துவிட்டது.

நம்ம தமிழ்ச் சீமையில் லேஸ் என்றால் நாகர்கோவில் பெயர்தான் முதலில் வரும். அது குரோஷா இல்லை. தலையணை மேல் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் பின்னும் லேஸ். 1820-களின் தொடக்கத்தில் மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட் அங்கே பெண்பிள்ளைகளுக்கு இதைக் கற்றுக்கொடுத்தார். அவர் மகள் எலைசா, கால்டுவெல் ஐயரைக் கல்யாணம் செய்து திருநெல்வேலிச் சீமை இடையன்குடிக்குப் போனபோது, லேஸ் வேலையும் அந்த ஊருக்குப் போனது.

அப்போது நாகர்கோவில் திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருந்தது. அடிமைமுறை இருந்த காலம். 1855-இல்தான் அங்கே அடிமைமுறையை ஒழித்து அரசு அறிவிப்பு வந்தது. அதற்கு முன்பே, லேஸ் பின்னிய காசைக் கொடுத்துத் தன் விடுதலையை வாங்கிய பெண்கள் அந்தப் பள்ளிகளில் இருந்தார்கள். உடுப்பு விஷயத்திலும் அங்கே பெரிய போராட்டம் நடந்தது. நாடார் முதலான சாதிப் பெண்கள் மேலே துணி போடக் கூடாது என்று தடை இருந்தது. மிஷன் பள்ளிகளில் தைத்த குப்பாயத்தைப் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போன பெண்களை அடித்தார்கள், துணியைக் கிழித்தார்கள். அந்தப் பெண்கள் விடவில்லை. 1859-இல் மகாராஜா அனுமதி கொடுக்க வேண்டி வந்தது. அப்போதும் மேல்சாதிப் பெண்கள் மாதிரி உடுத்தக் கூடாது என்று ஒரு முட்டுக்கட்டை போட்டுத்தான் கொடுத்தார்கள். பாவாடை, சட்டை என்று நாம் லேசாகச் சொல்கிறோம். உடம்பில் போட்ட துணிக்காக அடி வாங்கியவர்கள் நமக்குப் பக்கத்துச் சீமைப் பெண்கள்.

கூலி கிடைத்தது, அது சில பெண்களின் தலையெழுத்தையே மாற்றியது. இதை மறக்கக் கூடாது. ஆனால் அங்கேயும் விற்பனையும் கணக்கும் மிஷன் கையில்தான் இருந்தன. லேஸ் எங்கே போகிறது, என்ன விலைக்குப் போகிறது என்பது பின்னியவளின் நோட்டில் ஏறவில்லை.

நம்ம கேள்விக்கு நேரான பதில் ஆந்திராவில் இருக்கிறது. கோதாவரி கடலில் சேரும் பக்கம் நரசாபுரம் என்று ஓர் ஊர். அங்கே அசல் குரோஷா லேஸ்தான் தொழில். 19-ஆம் நூற்றாண்டில் மிஷனரிகள் கொண்டுவந்தது. 1970-களில் வெளிநாட்டு ஏற்றுமதி பெருகியது. அப்போது மரியா மீஸ் என்ற ஜெர்மன் சமூகவியல் அறிஞர் அந்த ஊர்களில் தங்கி, வீடு வீடாகக் கணக்கு எடுத்தார். அந்த ஆய்வு 1982-இல் புத்தகமாக வந்தது.

அவர் கண்டது இதுதான். ஒருத்தி பூ மட்டும் பின்னுவாள், இன்னொருத்தி பூக்களைச் சேர்த்துத் தைப்பாள். ஒருத்திக்கு மற்றவளின் கூலி தெரியாது. ஏஜெண்டு நூல் கொண்டுவந்து கொடுப்பார், பின்னியதை எடுத்துப்போவார். வீட்டு வேலை போக ஒரு நாளில் 6 முதல் 8 மணி நேரம் லேஸ் பின்னினாலும், ஒரு ரூபாய்கூடக் கூலி வரவில்லை. அதே ஊரில் வயல் வேலைக்குப் போன தலித் பெண்கள் அதைவிடக் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். வீட்டைவிட்டு வெளியே வராமல் இருப்பது கௌரவம் என்று நினைத்த குடும்பத்துப் பெண்கள்தான் குறைந்த கூலிக்குப் பின்னினார்கள். அவர்கள் உழைப்பில் வியாபாரிகள் ஏற்றுமதியாளர் ஆனார்கள். அந்தப் பெண்களை மட்டும் "சும்மா இருக்கிற நேரத்தில் பின்னுகிறவர்கள்", "வீட்டுப் பெண்கள்" என்றார்கள். வேலைக்காரி என்றால் கூலி கேட்பாள், சங்கம் சேர்ப்பாள். வீட்டுப் பெண் என்றால் கொடுத்ததை வாங்கிக்கொள்வாள். அந்தப் பேர்தான் கூலியைக் குறைத்தது.

2024-இல் நரசாபுரம் குரோஷாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. சந்தோஷம்தான். அந்தக் குறியீடு ஊரின் பெயரைக் காப்பாற்றும். பின்னுகிறவளின் கூலியை அது தானாக ஏற்றிவிடாது.

இது எங்கேயோ நடந்த கதை என்று நினைக்க வேண்டாம். ஆண்டிபட்டிப் பக்கம் சக்கம்பட்டியும் டி.சுப்புலாபுரமும் நெசவுக்குப் பேர்போன ஊர்கள். நான் பிறந்ததும் தறி வீட்டில்தான். அம்மா விடியும் முன்பே எழுந்து ராட்டையில் தார் சுற்றுவார். பாவுக்குக் கஞ்சி போடும்போது கூட நிற்பார். தார் இல்லாமல் நாடா ஓடாது, நாடா ஓடாமல் சேலை இல்லை. ஆனால் கூலி ஒரு சேலைக்கு இவ்வளவு என்று அப்பா கையில்தான் வரும். தார் சுற்றியதற்கு என்று தனியாக ஒரு காசு எந்தக் கணக்கிலும் ஏறியதில்லை. "உங்கம்மா என்ன வேலை?" என்று யாராவது கேட்டால், "வீட்டுல சும்மாதான் இருக்காங்க" என்று நாங்களே சொல்லுவோம். 1959-இல் வைகை அணை திறந்தது. அணையில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று தினமும் அளந்து எழுதுகிறார்கள், 71 அடிக் கணக்கு நம்ம ஊர்ச் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். அம்மா சுற்றிய நூலை யாரும் அளக்கவில்லை.

நம்ம குழுக்கள் வந்தபோது மாறியது அந்த அளக்கும் பழக்கம்தான். தமிழ்நாட்டில் 1989-இல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கிய பெண்கள் மேம்பாட்டுத் திட்டம், பிறகு மகளிர் திட்டமாக எல்லா மாவட்டத்துக்கும் பரவியது. 1992-இல் நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கியோடு இணைத்துப் பார்க்கும் முயற்சியைத் தொடங்கியது. கடன் வந்ததைப் பற்றி நிறையப் பேசுகிறோம். எனக்குப் பெரிதாகத் தெரிவது தீர்மான நோட்டும் ரொக்கப் புத்தகமும்தான். கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த பெண்கள்கூட இன்றைக்கு, "எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, யார் பொறுப்பு?" என்று கேட்கிறோம். அயர்லாந்திலும் நரசாபுரத்திலும் ஊசி பிடித்தவர்கள் கையில் இல்லாத ஆயுதம் அது. அதைப் பாவாடைக்கும் எடுப்போம்.

கணக்கு இதோ. நான் சொன்ன பாவாடையில் எல்லாச் சுற்றையும் கூட்டினால் 3,040 கண்ணி. புதிதாகக் கற்றவர் நிமிடத்துக்கு 8 கண்ணி போடுவார் என்று வைத்தால் 380 நிமிடம், அதாவது 6 மணி 20 நிமிடம். ஏஜெண்டு தரும் 60 ரூபாயை இதில் வகுத்தால் மணிக்குப் பத்து ரூபாய்கூட வரவில்லை. 2025-26-க்கு நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவித்த கூலி ஒரு நாளைக்கு 336 ரூபாய். 8 மணி நேரம் என்று வைத்தால் மணிக்கு 42 ரூபாய். அந்தக் கூலிப்படி நம்ம பாவாடைக்குக் கூலி மட்டும் 266 ரூபாய் வர வேண்டும்.

"கை பழகிவிட்டால் சீக்கிரம் முடியுமே" என்று ஒரு அக்கா சொன்னார். வாஸ்தவம். நிமிடத்துக்கு 15 கண்ணி வந்தால் 3 மணி 23 நிமிடத்தில் முடியும், கூலி 142 ரூபாய் என்றாலே கட்டுபடியாகும். அப்போதும் 60 ரூபாய் பாதிக்கும் கீழே. கை வேகம் நாம் சம்பாதித்தது, அதன் லாபம் நமக்கு வர வேண்டும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்க. ஸ்வெட்டர் பின்ன மெஷின் இருக்கிறது. அசல் குரோஷாவைப் பின்னித் தள்ளும் மெஷின் தொழிற்சாலைகளில் புழக்கத்தில் இல்லை. கடையில் அசல் குரோஷா உடுப்பு தொங்கினால் அதை ஒரு மனுஷக் கைதான் பின்னியிருக்கும். அதனால் நம்மை விட்டால் மெஷினில் போட்டுக்கொள்வேன் என்று யாரும் மிரட்ட முடியாது. "வேறே ஊர்ப் பொண்ணுங்க 50 ரூபாய்க்குப் பின்னுறாங்க" என்றுதான் மிரட்ட முடியும். அந்த ஊர்ப் பெண்களும் நம்மை மாதிரி ஒரு குழுவில் இருப்பவர்கள்தான். அவர்களிடம் பேசவும் முடியும், கூட்டமைப்பு அதற்குத்தானே இருக்கிறது.

அதனால் கூட்டத்தில் நான் வைக்கப்போகும் கருத்து இது. ஆர்டரைத் தனித்தனி ஆளாக வாங்க வேண்டாம், கூட்டமைப்பு பெயரில் வாங்குவோம். விலை பேசும் முன் மூன்று பேர் ஒரு பாவாடை பின்னி, மணிக்கணக்கை நோட்டில் எழுதுவோம். ஏஜெண்டு அதை எங்கே, என்ன விலைக்கு விற்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்வோம், சொல்லாதவரோடு வியாபாரம் வேண்டாம். நூலை நாமே மொத்தமாக வாங்கி, மதி அங்காடியிலும் கண்காட்சிகளிலும் கொஞ்சம் நாமே விற்றுப் பார்ப்போம். பாவாடை விலை அதிகமாகத் தெரிந்தால், அணையைப் பார்க்க வருகிறவர்களுக்குச் சிறு பை, சாவிக்கொத்துப் பூ என்று சின்னச் சாமான்களில் தொடங்கலாம். எதுவானாலும் கூலி போட்டுத்தான் விலை.

ஏஜெண்டு நம்ம கணக்குக்கு ஒத்துவந்தால் தாராளமாக வாங்குவோம். அவரும் பிழைக்க வேண்டும், நாமும் பிழைக்க வேண்டும். ஒத்துவராவிட்டால் பேத்திகளுக்குப் பின்னிப் போட்டுக்கொண்டிருப்போம், நஷ்டம் ஒன்றும் இல்லை. ஆனால் யாராவது வந்து, "சும்மா இருக்கிற நேரத்துல பின்னுறதுதானே" என்று சொன்னால், "எங்க நேரம் சும்மா இல்லீங்க, நோட்டுல இருக்கு" என்று சொல்ல வேண்டும். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கொரு நோட்டு கொண்டுவாருங்க, சகோதரிகளே.