மடியில் கனம் – 4: பெரிய டிம் போட்ட சட்டம்

மேயர் கேனர் சாகவில்லை.

ஹோபோக்கன் துறையில் கப்பலின் மேல்தளத்தில் நின்றவரை, வேலையிலிருந்து நீக்கப்பட்ட துறைமுக ஊழியன் ஒருவன் பின்கழுத்தில் சுட்டதையும், தாடியெல்லாம் ரத்தமாக அவர் சாய்ந்த கணத்தை ஒரு பத்திரிகைப் புகைப்படக்காரர் பிடித்ததையும் சென்ற வாரம் பார்த்தோம். அது 1910 ஆகஸ்ட் 9. குண்டு தொண்டையில் போய்ச் சிக்கிக்கொண்டது. எடுக்கப் போனால் வம்பு என்று டாக்டர்கள் அதை அங்கேயே விட்டுவிட்டார்கள். தொண்டையில் ஈயத்தோடும் கரகரத்த குரலோடும் வில்லியம் கேனர் திரும்ப நியூயார்க் மேயர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஊர் பதறியது, கொஞ்ச நாளில் வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டது.

ஐந்து மாதம் கழிந்தது. 1911 ஜனவரி 23, திங்கட்கிழமை. பட்டப்பகலில் கிராமர்சி பூங்கா ஓரமாக ஒருவர் நடந்து வருகிறார். டேவிட் கிரகாம் பிலிப்ஸ், 43 வயது. அமெரிக்க செனட்டர்கள் எந்தெந்தக் கம்பெனியின் கைப்பாவைகள் என்று 1906-இல் தொடர் கட்டுரை எழுதி வாஷிங்டனையே கலங்கடித்தவர். அத்தனை செனட்டர்களைப் பகைத்துக்கொண்டவருக்கு எமன் வந்தது அந்தத் திசையிலிருந்து அல்ல.

தன் கதாபாத்திரங்களில் ஒருத்தி யாரோ ஒருவனின் தங்கை என்று பிலிப்ஸுக்குத் தெரியாது. தெரிய வழியும் இல்லை, ஏனென்றால் அது உண்மையே அல்ல. ஃபிட்ஸ்ஹியூ கோல்ட்ஸ்பரோ என்ற வயலின் கலைஞன் அப்படி நம்பினான். வசதியான குடும்பத்துப் பிள்ளை. தன் குடும்ப மானத்தை நாவலில் வாங்கிவிட்டார் என்று கொதித்து, எழுத்தாளர் குடியிருந்த கட்டடத்துக்கு எதிரிலேயே அறை எடுத்து, ஜன்னல் வழியாக அவர் போக்குவரத்தை நோட்டம் பார்த்தவன். அன்று பிலிப்ஸ் கடிதங்களை வாங்கிக்கொள்ளக் கிளப்புக்குப் போகும் வழியில் எதிரே வந்து நின்றான். கோட்டுப் பையிலிருந்து கைத்துப்பாக்கியை எடுத்தான். ஆறு குண்டுகள். அடுத்த குண்டு அவன் தலைக்கே.

பிலிப்ஸ் மறுநாள் இறந்தார். இரண்டு குண்டென்றால் போராடிப் பார்த்திருப்பேன், ஆறை எப்படிச் சமாளிப்பது என்ற பொருளில் கடைசியாகப் பேசினார் என்கிறார்கள்.

இந்தச் சாவையும் ஊர் மறந்திருக்கும். மறக்கவிடாமல் செய்தவர் மரண விசாரணை அலுவலகத்தில் வேலை பார்த்த ஜார்ஜ் பெட்டி லெ பிரன். சுடப்பட்டுச் செத்தவர்களின் தாள்கள் தினமும் அவர் மேசையைக் கடந்துதான் போகும். கோபத்தில் ஒருவன், குடியில் ஒருவன், சித்தம் கலங்கி ஒருவன். எல்லார் கையிலும் கடையில் சுலபமாக வாங்கிய துப்பாக்கி. நகரத்தில் ஆயுதத்தை மறைத்து எடுத்துப் போக அனுமதி வேண்டும் என்று விதி அப்போதே இருந்தது. மாட்டினால் சில்லறைத் தண்டனை, அவ்வளவுதான். லெ பிரன் ஊர்ப் பிரமுகர்களுக்குக் கடிதம் கடிதமாக எழுதினார். ஆதரவு குவிந்தது. ஆனால் ஆல்பனியில் இருக்கும் மாநிலச் சட்டமன்றத்தில் மசோதா நகர வேண்டுமென்றால் பிரமுகர்கள் போதாது. அதற்கு ஒரு ஆள் வேண்டும்.

அந்த ஆள்தான் டிமோதி சல்லிவன். ஊருக்குப் ‘பெரிய டிம்’.

சேரியில் பிறந்து பேப்பர் விற்றுப் பிழைத்த ஐரிஷ் பையன், டாமனி ஹால் என்ற ஜனநாயகக் கட்சிக் கோட்டையில் தளபதியாக உயர்ந்து மாநில செனட்டர் ஆனவர். மதுவைத் தொடமாட்டார், சூதாட்டத்தை விடமாட்டார். கிறிஸ்துமஸுக்கு பவரி தெரு ஏழைகளுக்கு விருந்து; பிப்ரவரிக் குளிரில் ஆளுக்கொரு ஜோடி ஷூ. சின்ன வயதில் கிழிந்த ஷூவோடு பள்ளிக்கு வந்தவருக்கு ஓர் ஆசிரியை புது ஷூ வாங்கிக் கொடுத்தாராம், அதன் நன்றிக்கடன் அது. தாடிக்காரர்களைத் தேடிப் பிடித்து ஓட்டுப் போட அனுப்புவார் என்றும் சொல்வார்கள். முழுத் தாடியோடு ஒரு ஓட்டு, மோவாயை மழித்துவிட்டு இன்னொன்று, மீசை மட்டும் வைத்துக்கொண்டு மூன்றாவது, அதையும் எடுத்துவிட்டு நாலாவது. நம் ஊர்த் தேர்தல்களைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. தேர்தல் நாளில் வாக்குச்சாவடிகளைப் ‘பார்த்துக்கொண்ட’ மாங்க் ஈஸ்ட்மன், பால் கெல்லி போன்ற தாதாக்களும் அவர் நிழலில்தான் வளர்ந்தார்கள்.

அப்படிப்பட்டவர் துப்பாக்கிக் கட்டுப்பாட்டு மசோதாவைக் கொண்டுவந்தார். எதிர்த்தவர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள்: திருடன் வந்து லைசென்ஸ் கேட்பானா? நூறு வருஷம் தாண்டியும் அமெரிக்காவில் இந்தக் கேள்வி ஓயவில்லை. அன்று அது எடுபடவில்லை. பெரும்பான்மையோடு மசோதா நிறைவேறியது. ஆளுநர் ஜான் டிக்ஸ் கையெழுத்திட்டார்.

உடைக்குள் மறைக்கக்கூடிய எந்தத் துப்பாக்கிக்கும் இனி லைசென்ஸ் வேண்டும், வீட்டில் வைத்திருந்தால்கூட. லைசென்ஸ் இல்லாமல் மறைத்து எடுத்துப் போனால் பெருங்குற்றம், சிறை. விற்பவர் யாருக்கு விற்றோம் என்று பதிவேடு வைக்க வேண்டும். இரும்பு முஷ்டி, குண்டாந்தடி எல்லாவற்றுக்கும் தடை. இன்றுவரை ‘சல்லிவன் சட்டம்’ என்றுதான் பெயர்.

தன் வட்டாரத்துத் தெருக்களில் விழுந்த பிணங்களைப் பார்த்து மனம் நொந்து செய்தாரா? அல்லது வளர்த்த தாதாக்கள் கை மீறிப் போகிறார்கள், மூக்கணாங்கயிறு வேண்டும் என்று செய்தாரா? பிடிக்காத ரௌடியின் பையில் போலீஸே துப்பாக்கியைப் போட்டுவிட்டுப் பிடிக்கிறது என்று பேச்சு கிளம்பி, சில ரௌடிகள் கோட்டுப் பைகளைத் தைத்து மூடிக்கொண்டார்கள். இரண்டு காரணமும் இருந்திருக்கும் என்றே எனக்குப் படுகிறது. அரசியல்வாதியின் மனதில் ஒரே அறைதான் இருக்கும் என்று நினைப்பது நம் வெகுளித்தனம்.

ஆனால் லைசென்ஸ் என்று வந்துவிட்டால், யாருக்குக் கொடுப்பது என்பது மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரின் விருப்பம். செப்டம்பரில் சட்டம் அமலுக்கு வந்தது. அந்த மாதமே மரினோ ரோஸ்ஸி என்ற இத்தாலியத் தொழிலாளி மாட்டினார். வேலை தேடி நியூவார்க்குக்குப் புறப்பட்டவர். ‘கறுப்புக் கை’ என்ற பணம் பறிக்கும் கும்பலுக்குப் பயந்து ரிவால்வர் வைத்திருந்தேன் என்றார். அவர் யாரையும் சுடவில்லை, மிரட்டவும் இல்லை. உங்கள் நாட்டாருக்கே சூடான ரத்தம், ஆயுதம் தூக்குவது உங்கள் வழக்கம் என்ற தொனியில் பேசிய நீதிபதி, சிங் சிங் சிறையில் ஓராண்டு என்று தீர்ப்புச் சொன்னார். இத்தாலியர்களின் மனம் குளிரக் கொலம்பஸ் நாளை நியூயார்க்கின் அரசு விடுமுறையாக்கப் பாடுபட்டவரும் இதே சல்லிவன்தான்.

1913-இல் சட்டத்தை இன்னும் இறுக்கினார்கள்: மறைத்து எடுத்துப் போக லைசென்ஸ் வேண்டுமென்றால் தகுந்த காரணம் காட்ட வேண்டும். எது தகுந்தது என்று தீர்மானிப்பவர் அதிகாரி. இந்த ஒரு நிபந்தனை 2022 ஜூன் வரை உயிரோடு இருந்து, உச்ச நீதிமன்றத்தில் ஆறுக்கு மூன்று என்று விழுந்தது. அந்த வழக்கு பின்னால் வருகிறது.

1913 கோடைக்குத் திரும்புவோம். பெரிய டிம்மின் மனைவி முந்தைய ஆண்டு இறந்துவிட்டார். டிம்முக்கோ நோய் முற்றி மூளைக்கு ஏறிவிட்டது. நாடாளுமன்றத்துக்கு ஜெயித்தவர் பதவியேற்கவே போகவில்லை. சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று சட்டப்படி அறிவித்து, சகோதரர் வீட்டில் காவல் போட்டு வைத்திருந்தார்கள். ஆகஸ்ட் கடைசி இரவு. விடிய விடியச் சீட்டாடிய காவலர்கள் அசந்து தூங்கினார்கள். கண் விழித்தபோது படுக்கை காலி.

ஊரே தேடியது. தேடலுக்கு நடுவே, செப்டம்பர் 4 அன்று, தொண்டைக் குண்டோடு மேயர் கேனர் மறுபடி கப்பல் ஏறினார். டாமனி ஹால் கைவிட்டும் அடுத்த தேர்தலில் சுயேச்சையாக நிற்பேன் என்று முந்தின நாள்தான் அறிவித்திருந்தார். 10-ஆம் தேதி, நடுக்கடலில், மேல்தள நாற்காலியில் உட்கார்ந்தபடியே உயிர் போயிற்று. டிம்மைப் பற்றித் தகவலே இல்லை.

செப்டம்பர் 13. பெல்வியூ மருத்துவமனைப் பிணவறை. உரிமை கோர ஆளில்லாத பிணங்களை அநாதைக் கல்லறைக்கு அனுப்பும் வேலை நடக்கிறது. அதில் ஒன்று, இரண்டு வாரம் முன்பு பிராங்க்ஸ் தண்டவாளத்தில் சரக்கு ரயில் அடித்துப் போட்ட யாரோ ஒரு ஆள். கணக்கு முடித்து அனுப்புமுன் முகத்தை ஒரு பார்வை பார்க்கப் போன போலீஸ்காரர், பார்த்த வேகத்தில் ஒரு பெயரைச் சொல்லிக் கத்தினார்.

(தொடரும்)