ஏரிகளை எண்ணிய நாடாளுமன்றவாதி: செங்கல்பட்டு ஜாகீரும் தண்டனை கிட்டாத குற்ற விசாரணைகளும்

1785 பிப்ரவரி 28 அன்று லண்டன் பொதுமக்கள் சபையில் அதன் உறுப்பினர் எட்மண்ட் பர்க் பேசிய உரை, ஆற்காட்டு நவாபின் கடன்களைப் பற்றியது. அதற்காக அவர் ஒரு நிலப்படத்தை முன்னால் விரித்து வைத்துக்கொண்டு அதிலிருந்த ஏரிகளைத் தாமே எண்ணினார். 1,100க்கு மேல் தேறின. இரண்டு மூன்று ஏக்கர் தாங்கல்களும் இருந்தன. சுற்றளவு ஐந்து மைல் வரும் பேரேரிகளும் இருந்தன. அந்தப் படம் தாமஸ் பர்னார்ட் அளந்து வரைந்த செங்கல்பட்டு ஜாகீரின் படம். இந்தியாவுக்கு ஒருமுறையும் வராத பர்க், மதுராந்தகமும் உத்திரமேரூரும் அடங்கிய சீமையில் எத்தனை நீர்நிலைகள் உண்டு என்று கணக்கெடுத்தது, அந்நிலத்தின் செல்வம் எங்கிருந்து வந்தது, யார் அதை அழித்தார்கள் என்று சபைக்கு எடுத்துக்காட்டுவதற்காக. அன்று அவர் பக்கம் தோற்றது. அடுத்த ஆண்டு அவர் இந்தியாவின் தலைமை ஆளுநராக இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ் மீது குற்றச்சாட்டுகளைக் கொண்டுவந்தார். அதற்குச் சில மாதங்களுக்கு முன், 1785 டிசம்பரில், ஹேஸ்டிங்ஸின் எதிரி பிலிப் பிரான்சிஸுக்கு எழுதிய கடிதத்தில், ஹேஸ்டிங்ஸுக்குத் தண்டனை வாங்கித் தருவது நடக்காத காரியம் என்று அவரே ஒப்புக்கொண்டிருந்தார்.

தண்டனை கிட்டாது என்று தெரிந்தே உயர்பதவியில் இருப்பவர் மீது குற்றம் சுமத்தலாமா? இன்று இந்தக் கேள்வி எழுந்தாலே நம் பேச்சு வாஷிங்டனுக்குப் போய்விடுகிறது. ஆண்ட்ரூ ஜான்சன் 1868இலும், பில் கிளின்டன் 1999இலும், டொனால்ட் டிரம்ப் 2020, 2021 என இருமுறையும் செனட் சபையில் விசாரிக்கப்பட்டார்கள், எவரும் தண்டிக்கப்படவில்லை. ஆனால் பதவிக்குற்ற விசாரணை பற்றிய அமெரிக்கச் சட்டப்பிரிவின் வேரிலேயே ஹேஸ்டிங்ஸ் வழக்கு இருக்கிறது. 1787 செப்டம்பர் 8 அன்று பிலடெல்பியா அரசியலமைப்பு மாநாட்டில், தேசத்துரோகமும் லஞ்சமும் மட்டும் காரணமாக இருந்தால் போதாது என்று வாதிட்ட ஜார்ஜ் மேசன், அப்போது நடந்துகொண்டிருந்த ஹேஸ்டிங்ஸ் விவகாரத்தைத்தான் உதாரணம் காட்டினார்.

ஆகவே இந்தக் கேள்வியைச் செங்கல்பட்டிலிருந்தும் கேட்கலாம். இக்கட்டுரையின் வாதம் இது: குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானதால் ஜாகீருக்கு ஒரு கேடும் நேரவில்லை. எந்த அநியாயம் விசாரணைக்கே வராமல் போனதோ, அதனால்தான் கேடு வந்தது.

கடனுக்கு ஈடான நிலம்

நவாப் முகமது அலி 1763இல் செங்கல்பட்டுச் சீமையைக் கும்பினிக்கு, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனிக்கு, வரி வசூல் உரிமையுள்ள ஜாகீராகக் கொடுத்தார். கும்பினி அதை அவருக்கே குத்தகைக்கு விட்டது. 1780 வரை வரி வசூல் அவர் கையில்தான் இருந்தது. இதற்கிடையில் 1767 முதல் 1774 வரை பர்னார்ட் ஏறக்குறைய 2,000 ஊர்களை அளந்து, வீடு, நிலம், ஏரி, மானியம் என்று பதிவு செய்தார். இருநூறு ஆண்டுகளுக்குப் பின் வரலாற்றாய்வாளர் தரம்பால் தேடியெடுத்து ஆராய்ந்தது இந்தக் கணக்குகளைத்தான்.

நவாபுக்குக் கடன் கொடுத்தவர்கள் கும்பினியின் சொந்த ஊழியர்கள். முப்பத்தாறு சதம் வட்டியும் அன்று உண்டு. நவாப் கடனை அடைக்க நாட்டு வரியை எழுதிக்கொடுப்பார். வரியை வசூலிக்கக் கும்பினிப் படை போகும். கடன்காரர், நிர்வாகி, காவலர் மூவரும் ஒரே கோட்டைக்குள் குடியிருந்தார்கள். இவர்களில் பெரிய ஆள் பால் பென்ஃபீல்டு. தஞ்சாவூர் விளைச்சல் மீதும் நவாப் மீதும் தமக்கு 2,34,000 பவுன் வரவேண்டும் என்று அவர் உரிமை கோரினார்.

பரங்கிமலையில் ஓர் ஆளுநர்

1775 டிசம்பரில் இரண்டாம் முறையாகச் சென்னைக்கு வந்த ஆளுநர் ஜார்ஜ் பிகட், லண்டன் இயக்குநர்களின் உத்தரவுப்படி, நவாப் கைப்பற்றியிருந்த தஞ்சாவூரை மராட்டிய அரசரிடம் திருப்பிக் கொடுத்தார். பென்ஃபீல்டின் ஈடு அதனால் கைவிட்டுப் போனது. ஆட்சிக் குழுவில் பெரும்பான்மையினர் பென்ஃபீல்டின் பக்கம் நின்றார்கள். பிகட் அவர்களில் இருவரை இடைநீக்கம் செய்தார். 1776 ஆகஸ்ட் 24 மாலை, கர்னல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் அவருடன் ஒரே வண்டியில் போய்க்கொண்டிருந்தார். முன்னேற்பாட்டின்படி சிப்பாய்கள் வண்டியை மறித்தார்கள். ஆளுநரைக் கைதுசெய்து, பின்னாளில் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த பரங்கிமலைக்குக் கொண்டுபோனார்கள். 1777 மே 11 அன்று அவர் காவலிலேயே இறந்தார். அவரை மீண்டும் பதவியில் அமர்த்தும் உத்தரவு லண்டனிலிருந்து கப்பலில் வந்து சேர்ந்தபோது அவர் உயிரோடு இல்லை.

குற்றப்பத்திரிகை இல்லை, விசாரணை இல்லை, பதில் சொல்ல வாய்ப்பும் இல்லை; ஆனாலும் பதவிநீக்கம் நூற்றுக்கு நூறு வெற்றி. முடிவு கைக்கு வந்தால் போதும், முறை எப்படியிருந்தால் என்ன என்று நினைப்பவர்கள் இந்த நிகழ்ச்சியைப் படிக்க வேண்டும். கைதுசெய்தவர்களில் நால்வர் 1780இல் லண்டனில் தண்டனை பெற்றார்கள். ஆளுக்கு 1,000 பவுன் அபராதம். கட்டிவிட்டுப் போனார்கள்.

அடுத்து வந்த தாமஸ் ரம்போல்டின் கதை வேறு. 1778 முதல் 1780 வரை ஆளுநர். பெரும் பணத்தோடு ஊர் திரும்பியதாகக் குற்றச்சாட்டு. ஹென்றி டண்டாஸ் தலைமையிலான ரகசியக் குழு கர்நாடகத்தில், அதாவது ஆற்காட்டு நவாபின் நாட்டில், நடந்த போரின் காரணங்களை ஆராய்ந்தது. அதையொட்டி 1782இல் ரம்போல்டைத் தண்டிக்கும் மசோதா வந்தது. அது இழுத்துக்கொண்டே போய் 1783 முடிவில் கைவிடப்பட்டது. தீர்ப்பும் இல்லை, விடுதலையும் இல்லை. அவர் நாடாளுமன்ற உறுப்பினராகவே தொடர்ந்தார். பாதியில் விட்ட வழக்குதான் மிக மோசமானது என்று நான் கருதுகிறேன். குற்றவாளிக்கு அது பாதுகாப்பு, நிரபராதிக்கு அது தீராத பழி, ஊராருக்கு அதில் ஒன்றுமே இல்லை.

போர், பஞ்சம், வராகன்

1780 ஜூலையில் மைசூரின் ஹைதர் அலி கர்நாடகத்துக்குள் இறங்கினார். செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் பெய்லி தலைமையிலான கும்பினிப் படை அழிந்தது. கும்பினித் தளபதி ஹெக்டர் மன்றோ பெரிய பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக் கோட்டைக்கு ஓடினார். 1782 பிப்ரவரி 17 அன்று மாமல்லபுரத்துக்குச் சற்றுத் தெற்கே, சதுரங்கப்பட்டினத்துக் கடலில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரனும் ஆங்கிலேய ஹியூஸும் மோதினார்கள். கடலில் பீரங்கி, கரையில் பஞ்சம். ஊர்கள் காலியாகின, பராமரிக்க ஆளில்லாமல் கரைகள் உடைந்தன, மதகுகள் தூர்ந்தன.

இந்த நிலத்தின் மேல்தான் 1784இல் புதிய கட்டுப்பாட்டு வாரியம் ஒரு முடிவெடுத்தது. கடன்கள் உண்மையா பொய்யா என்று விசாரிக்காமலே, கர்நாடக வருமானத்திலிருந்து ஆண்டுக்கு 12 லட்சம் வராகன், அதாவது 4,80,000 பவுன், கடன்காரர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பது அந்த முடிவு. முடிவின் கர்த்தா அதே டண்டாஸ். பென்ஃபீல்டு கைக்குள் வைத்திருந்த நாடாளுமன்ற ஓட்டுகளுக்கு இது கூலி என்று பர்க் நேருக்கு நேர் குற்றம் சாட்டினார். அவர் ஏரிகளை எண்ணியது அந்த 1785 உரையில்தான். வெள்ளாமைக்கு நீர் தேக்கியவர்கள் வருங்காலத்தை நினைத்தார்கள், கடன்காரர்கள் அறுவடையை மட்டும் நினைத்தார்கள் என்பது அவர் வாதத்தின் சாரம்.

வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபம், 1788–1795

ஹேஸ்டிங்ஸுக்கும் சென்னை புதிதல்ல; 1769 முதல் 1772 வரை இங்கே ஆட்சிக் குழுவின் இரண்டாம் இடத்தில் இருந்தவர். 1785 பிப்ரவரியில் தலைமை ஆளுநர் பதவியை விட்டுக் கப்பலேறினார். 1787 மே மாதம் பொதுமக்கள் சபை அவர் மீது குற்றம் சுமத்தியது. 1788 பிப்ரவரி 13 அன்று தொடங்கிய விசாரணை, ஏழாண்டுகளில் ஏறத்தாழ 150 நாள் நடந்தது. 1795 ஏப்ரல் 23 அன்று, வாக்களித்த 29 பிரபுக்கள் அவரை எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுவித்தார்கள். வழக்குச் செலவு அவருக்கு 70,000 பவுனைத் தாண்டியது. கும்பினி ஆண்டுக்கு 4,000 பவுன் ஓய்வூதியம் கொடுத்தது.

வழக்கு வீண் என்று சொல்பவர்கள் இந்த எண்களையே காட்டுவார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஏழாண்டு இழுத்தடிப்பு ஒரு மனிதருக்குத் தீர்ப்பில்லாத தண்டனை. பர்க்கின் சொல்வன்மை பல நாள் சாட்சியத்தை முந்திக்கொண்டது; கேட்கக் கூடிய கூட்டம் முதல் ஆண்டோடு கலைந்தது. எதிர்த்தரப்பு இன்று சொல்லும் எச்சரிக்கையும் நடந்தேறியது: விடுதலைத் தீர்ப்பு நற்சான்றிதழாகிவிட்டது. 1813இல் ஹேஸ்டிங்ஸ் சாட்சி சொல்லப் பொதுமக்கள் சபைக்கு வந்தபோது உறுப்பினர்கள் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார்கள்.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. கடல் கடந்து செய்த அநீதிக்கு அந்த ஊர் வழக்கம் என்று சாக்குச் சொல்ல முடியாது என்ற வாதம், ஒரு பேரரசின் உச்ச மன்றத்தில் ஏழாண்டுகள் பதிவானது. ஆவணங்கள் அச்சேறின. நாடாளுமன்றம் கலைந்தாலும் குற்ற விசாரணை செத்துப்போகாது என்ற விதி 1791இல் நிலைநாட்டப்பட்டது. தண்டனையை மட்டும் குறிவைத்திருந்தால் பர்க் வழக்கைத் தொடங்கியே இருக்கமாட்டார். பதிவைக் குறிவைத்தார், அதில் அவர் தோற்கவில்லை.

செங்கல்பட்டுக்காரனாக எனக்குள்ள மனக்குறை வேறு. மண்டபத்தில் வாதாடப்பட்டவை காசி அரசர், அவத் பேகம்கள், அன்பளிப்புகள், ஒப்பந்தங்கள். ஆற்காட்டுக் கடன் அங்கே வரவில்லை. பென்ஃபீல்டு கூண்டில் ஏறவில்லை. சுமத்த முடிந்த ஆள் மீது வழக்கு நடந்தது. சுமத்தியிருக்க வேண்டிய முறைகேடு ஆண்டுக்கு 12 லட்சம் வராகனாகத் தொடர்ந்து கறந்துகொண்டிருந்தது. பின்னால் 1805இல் ஓர் ஆணையம் அமைத்து, புதிதாகக் குவிந்திருந்த கர்நாடகக் கடன் பத்திரங்களைச் சரிபார்த்தார்கள். மூன்று கோடி பவுனுக்கு மேல் உரிமை கோரப்பட்டிருந்தது. உண்மையெனத் தேறியது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 1784இல் விசாரித்திருந்தால் என்ன தெரிந்திருக்கும் என்பதை ஊகிக்க இது ஒன்றே போதும். டண்டாஸே 1806இல், கடற்படைப் பணத்தைத் தவறாகக் கையாண்டதாகப் பிரபுக்கள் சபையில் விசாரிக்கப்பட்டு விடுதலையானார். பிரிட்டன் நடத்திய கடைசிப் பதவிக்குற்ற விசாரணை அதுதான்.

ஹேஸ்டிங்ஸ் தீர்ப்பு வந்த ஆண்டில் ஜாகீரின் கலெக்டர் லயனல் பிளேஸ். 1794 முதல் 1798 வரை இருந்தவர்; ஏரிகளைப் பழுதுபார்த்தவர், கோயில்களில் அக்கறை காட்டியவர். மதுராந்தகம் ஏரி உடையாமல் இராமரும் இலக்குவனும் கரையில் காவல் நின்றதைத் துரை கண்டார் என்ற கதை எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஏரிகாத்த இராமர் கோயிலில் தாயார் சந்நிதி அவர் செய்த தர்மம் என்று கல்லில் வெட்டியிருக்கிறது. அதே பிளேஸ் வரியை உயர்த்தியபோது 1795–96இல் மிராசுதார்கள் ஊரைவிட்டு வெளியேறி எதிர்ப்புத் தெரிவித்ததை வரலாற்றாசிரியர் யூஜின் இர்ஷிக் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். ஏரிக்கரை செப்பனிடப்பட்டது, கடன் யாரிடமும் விசாரிக்கப்படவில்லை.

உத்திரமேரூரும் குடியரசும்

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்து 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு இந்தச் சிக்கலை வேறு வழியில் அணுகுகிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலையில் பெயர் எழுதத் தகுதியற்றவர். பதவியில் இருக்கும்போதே குற்றம் கண்டால் உடனே நீக்க வேண்டும். இது பிராமணர் ஊர்ச் சபையின் சட்டம், எல்லோருக்கும் உரிய சனநாயகம் அல்ல. அதை மறக்கக் கூடாது. ஆனாலும் கணக்குக் காட்டாமை என்ற ஒரு செயலே தகுதியைப் பறித்துவிடுவதால், பெரும்பான்மை கிடைக்குமா என்ற கேள்விக்கு அங்கே பாதி இடம்தான்.

நம் அரசியலமைப்பு மறுபக்கம் போனது. 61ஆம் பிரிவின்படி குடியரசுத் தலைவரை நீக்க ஒவ்வோர் அவையிலும் மொத்த உறுப்பினரில் மூன்றில் இரு பங்கு வேண்டும். இதுவரை யார் மீதும் அது பயன்படவில்லை. நீதிபதிகள் மீதுதான் முயற்சிகள் நடந்தன. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை சென்ற வி. இராமசாமி மீது, பஞ்சாப் ஹரியானா தலைமை நீதிபதியாக இருந்த காலத்துச் செலவுகள் குறித்து 1991இல் 108 மக்களவை உறுப்பினர்கள் தீர்மானம் கொடுத்தார்கள். மூன்று நீதிபதிகள் குழு 14 குற்றச்சாட்டுகளில் 11 நிரூபணமானதாகச் சொன்னது. 1993 மே 11 வாக்கெடுப்பில் ஆதரவு 196, எதிர்ப்பு ஒன்றுமில்லை. காங்கிரஸ் தரப்பில் 205 பேர் வாக்களிக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். தீர்மானம் விழுந்தது. ஆனால் குழுவின் அறிக்கை விழவில்லை. எதை அறிந்தபின் 205 பேர் மௌனமாக இருந்தார்கள் என்பதை இன்றும் எவரும் எடுத்துப் படிக்கலாம். தோற்கும் என்று தெரிந்திருந்தாலும் அந்தத் தீர்மானம் கொண்டுவரத் தகுந்தது என்பேன்.

நீதிபதி பி.டி. தினகரன் விவகாரம் இன்னும் பக்கத்தில் நடந்தது. திருத்தணி அருகே காவேரிராஜபுரத்தில் அரசு நிலத்தை ஆக்கிரமித்ததாக அவர் மீது குற்றச்சாட்டு. அவர் அதை மறுத்தார். அந்த ஊர் 1960 முதல் 1997 வரை செங்கல்பட்டு மாவட்டத்தோடு இருந்த பகுதி. 2009 டிசம்பரில் மாநிலங்களவையின் 75 உறுப்பினர்கள் தீர்மானம் கொடுத்தார்கள். விசாரணைக் குழு குற்றச்சாட்டுகளை வகுத்தது. 2011 ஜூலையில் அவர் பதவி விலகினார். விசாரணை அதோடு நின்றது. பதவியை விட்டாயிற்று, இனி என்ன வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. நிலம் யாருடையது என்று அந்த ஊரார் கேட்ட கேள்விக்கு எந்தப் பதிலும் நாடாளுமன்ற மேசைக்கு வரவில்லை. அவருடைய மறுப்பும் சோதிக்கப்படாமல் அப்படியே நின்றுபோனது. இது ரம்போல்டின் மசோதா போன முடிவேதான்.

ஹேஸ்டிங்ஸ் மீது வழக்குத் தொடங்கியது அவர் பதவியை விட்ட பிறகு என்பதை இங்கே கவனிக்க வேண்டும். 1968ஆம் ஆண்டின் நீதிபதிகள் விசாரணைச் சட்டத்தில், பதவி விலகினாலும் குழு தன் வேலையை முடித்து அறிக்கையை அவையில் வைக்க வேண்டும் என்று ஒரு பிரிவு சேர்த்தால் போதும். மூன்றில் இரு பங்கு கிடைக்குமா கிடைக்காதா என்பதை அதற்குப் பிறகு எண்ணிக்கொள்ளலாம்.