காலடிப்பேட்டையும் பூரண சுயராஜ்யமும்

திருவொற்றியூரை அடுத்த காலடிப்பேட்டையின் பெயரில் எந்த மகானுடைய பாதத்தையும் தேட வேண்டியதில்லை. 1717 முதல் 1720 வரை சென்னையின் கவர்னராக இருந்த ஜோசப் காலெட், கிழக்கிந்தியக் கும்பெனியின் துணி வியாபாரத்தை உத்தேசித்து நெசவாளரைக் குடியேற்றிய காலெட்பேட்டையே, ஜனங்களின் நாவில் புரண்டு இவ்வாறு ஆயிற்று.

அதே சென்னையில், 1927 டிசம்பரில், டாக்டர் அன்சாரியின் தலைமையில் கூடிய காங்கிரஸ் மகாசபை, ஜவாஹர்லால் நேரு பிரேரேபித்தபடி, பூரண சுதந்திரமே இந்திய மக்களின் லட்சியம் என்று தீர்மானித்தது. ஆறு ஆண்டுகளுக்கு முன் ஆமதாபாத்தில் ஹஸ்ரத் மோஹானி இதையே வற்புறுத்தித் தோற்றிருந்தார். சென்னைத் தீர்மானமும் காந்தியடிகளுக்கு ருசிக்கவில்லை. யோசனையின்றி அவசரத்தில் நிறைவேற்றியது என்றே கருதினார். அவர் கணிப்பு முற்றும் தவறென்று சொல்வதற்கில்லை, ஏனெனில் மறு ஆண்டே கல்கத்தாவில் காங்கிரஸ் குடியேற்ற நாட்டு அந்தஸ்துக்கு இறங்கிவந்து, அதை வழங்க ஆங்கில அரசுக்கு ஓராண்டுத் தவணையும் கொடுத்தது.

தவணை வீணாகக் கழிந்தபின், 1929 டிசம்பர் 31 நள்ளிரவில், லாகூரில் ராவி நதிக்கரையில் பூரண சுயராஜ்யத்தின் கொடி ஏறியது. 1930 ஜனவரி 26 அன்று தேசமெங்கும் ஜனங்கள் கூடி சுதந்திரப் பிரதிக்ஞையை ஏற்றனர். அரசியல் அடிமைத்தனத்தை மட்டுமா அது பேசிற்று? கை நூற்பு முதலிய கிராமத் தொழில்கள் அழிந்ததையும், சுங்கமும் நாணயமும் வளைக்கப்பட்டதையும், சுங்கம் அந்நியச் சரக்குக்குச் சாதகமாக இருந்ததையும் எடுத்துரைத்தது. தறிக்காரரை வருந்தி அழைத்து ஊர் அமைத்துத் தந்த ஆட்சியின்மீது, தறிக்கு நூல் தந்த ராட்டையை ஓயவைத்த குற்றம் அன்று சுமத்தப்பட்டது.