சியோலைட்டுக் கட்டமைப்பில் அமில, கார வினைகள்: ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

அமிலம் அலுமினியத்தை நீக்கும், காரம் சிலிக்கானை நீக்கும் என்பது சியோலைட்டு குறித்துப் பொதுவாகக் கூறப்படும் வாய்பாடாகும். இவ்விரு வினைகளின் விளைவையும் முடிவுசெய்வது சட்டகத்தில் உள்ள அலுமினியத்தின் அளவே என்பதை ஆய்வு வரலாற்றின் வழி இக்கட்டுரை நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: சியோலைட்டு, அலுமினிய நீக்கம், சிலிக்கான் நீக்கம், இடைத்துளை.

முன்னுரை

1756-இல் சுவீடன் நாட்டுக் கனிமவியலாளர் கிரான்ஸ்டெட், சூடேற்றியபோது கொதிப்பதுபோல் நுரைத்த கனிமத்திற்குக் 'கொதிக்கும் கல்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களால் சியோலைட்டு எனப் பெயரிட்டார். சிலிக்கான், அலுமினியம் ஆகியவற்றை நடுவாகக் கொண்ட நான்முகிகள் ஆக்சிசன் அணுக்களைப் பகிர்ந்து இணைவதால் இதன் சட்டகம் உருவாகிறது. ஒவ்வோர் அலுமினிய அணுவும் சட்டகத்திற்கு ஓர் எதிர்மின்சுமையைத் தருகிறது. அதனைச் சோடியம், கால்சியம் முதலிய நேர்மின் அயனிகள் ஈடுசெய்கின்றன.

அமில வினை

சிலிக்கானும் அலுமினியமும் சம எண்ணிக்கையில் அமைந்த 'ஏ' வகைச் சியோலைட்டு அமிலத்தில் சிதைந்துவிடும். எனவே, அமிலம் கட்டமைப்பை அழிப்பது என்றே கருத இடமிருந்தது. 1964-இல் பேரர், மக்கி ஆகியோர் கிளினோப்டிலோலைட்டு என்னும் இயற்கைக் கனிமத்தை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இட்டு ஆராய்ந்தனர். அமிலத்தின் ஹைட்ரஜன் அயனிகள் முதலில் நேர்மின் அயனிகளின் இடத்தைப் பெறுகின்றன. பின்னர் அலுமினியம் வெளியேறுகிறது. வெற்றிடத்தில் நான்கு ஹைட்ராக்சில் தொகுதிகள் கூடுபோல் அமைவதாக அவர்கள் விளக்கினர். சிலிக்கான் மிகுந்த சட்டகம் அலுமினியத்தை இழந்தும் நிலைத்து நிற்கக்கூடும் என்பது இதனால் புலனாயிற்று. 1968-இல் கெர், ஈ.டி.டி.ஏ. என்னும் கொடுக்கிணைப்பியைக் கொண்டு 'ஒய்' வகையிலிருந்து அலுமினியத்தைப் படிப்படியாக நீக்கினார். நீராவியில் சூடேற்றி அலுமினியம் குறைக்கப்பட்ட, வெப்பம் தாங்கும் 'ஒய்' வகை பெட்ரோலியப் பிளப்பில் வினையூக்கியாக இடம்பெற்றது.

கார வினை

இசட்.எஸ்.எம்-5 வகையின் நுண்துளை ஏறத்தாழ 0.55 நானோமீட்டர் அளவினது. பெரிய மூலக்கூறுகள் அதனுள் நுழைய இயலாது. 2000-இல் ஒகுரா குழுவினர் இதனைச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டு, படிகத் தன்மை பெரிதும் கெடாமல் இடைத்துளைகளை உருவாக்கினர். 2004 முதல் குரோன், பெரஸ்-ராமிரெஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வுகள் இதன் காரணத்தைத் தெளிவுபடுத்தின. அலுமினிய நான்முகியின் எதிர்மின்சுமை ஹைட்ராக்சைடு அயனியை விலக்குவதால், அருகிலுள்ள சிலிக்கான் எளிதில் கரைவதில்லை. சிலிக்கான்–அலுமினிய விகிதம் 25-க்கும் 50-க்கும் இடைப்பட்டால் சீரான இடைத்துளைகள் தோன்றுகின்றன. விகிதம் குறைந்தால் கரைதல் தடைப்படுகிறது. மிகுந்தால் அளவின்றிக் கரைந்து பெருந்துளைகளாகிறது.

முடிவுரை

அலுமினியம் அமிலத்தின் இலக்காகவும் காரத்திற்கு எதிரான காவலாகவும் ஒருங்கே விளங்குகிறது. அலுமினியம் மிகுந்த 'ஒய்' வகையை முதலில் அமிலத்தாலும் பின்னர்க் காரத்தாலும் வினைப்படுத்தும் முறை இக்காரணத்தால் உருவானது. காரம் படிகத்தின் புறப்பரப்பில் விட்டுச்செல்லும் அலுமினியப் படிவை அமிலத்தால் கழுவி நீக்குவதும் இதன் தொடர்ச்சியே. ஆகவே, இவ்விரு வினைகளையும் தனித்தனி முறைகளாகப் பிரித்துக் கற்பிப்பதைவிட, அலுமினியத்தின் இவ்விரட்டைப் பங்கினை மையமாகக் கொண்டு விளக்குவதே வரலாற்றுக்கும் வேதியியலுக்கும் பொருந்துவதாகும்.